யாரோடு ஒப்பிட்டார்கள்? குழந்தை நரம்பியல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருத்துவ ஆய்வுகளைப் பற்றியவை. எந்த ஆய்வை நம்பலாம், எதில் பிள்ளையைச் சேர்க்கலாம், காசு கேட்பவர்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே அவசரமான கடிதம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் முதல் பதில்.

என் மகளுக்கு ஆறு மாதம். தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து விரித்து மடக்குகிறாள். பத்துப் பதினைந்து முறை தொடர்ந்து வருகிறது, பிறகு அழுகிறாள். வயிற்று வலி என்று ஓம வாட்டர் கொடுத்தோம். உரம் விழுந்திருக்கும் என்கிறார் மாமியார். (ஒரு தாய், திண்டுக்கல்)

அம்மா, அடுத்த முறை வரும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். ஆனால் வீடியோ கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குள் குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி, ஈ.ஈ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பது 'வெஸ்ட் சிண்ட்ரோம்' என்னும் குழந்தைப்பருவ வலிப்பாக இருக்கக்கூடும். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், 1841-இல் தம் சொந்த மகனிடம் கண்டதை 'லான்செட்' இதழுக்குக் கடிதமாக எழுதினார். அந்தப் பிள்ளையும் சலாம் வைப்பதுபோலத் தலை குனிந்து குனிந்து எழுந்தான்.

ஏன் இத்தனை அவசரம்? பிரிட்டனில் 107 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு வகை மருந்து பெற்றவர்களில் 73 சதவீதத்தினருக்கும், விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து பெற்றவர்களில் 54 சதவீதத்தினருக்கும் இரண்டு வாரத்தில் வலிப்பு நின்றிருந்தது. அதே குழந்தைகளை நான்கு வயதில் மறுபடி பார்த்தபோது, சிகிச்சை தொடங்கத் தாமதமான அளவுக்கு வளர்ச்சி மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. 377 குழந்தைகளைச் சேர்த்து 2017-இல் வெளியான அடுத்த ஆய்வில், இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தபோது வலிப்பு நிற்பது 57 சதவீதத்திலிருந்து 72 ஆக உயர்ந்தது. ஆனால் ஒன்றரை வயதில் வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே எந்த மருந்து என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். உங்கள் கையில் இருப்பது நாள். ஓம வாட்டரிலும் உரம் எடுப்பதிலும் இனி ஒரு நாள்கூடப் போகக் கூடாது.

என் பேரன் பிறந்ததும் அழவில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்றார்கள். அந்த மருத்துவமனையில் ஒரு ஆய்வில் சேர்க்கச் சம்மதம் கேட்டார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யுமாம். என் மகன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். நம் பிள்ளைகளை வைத்தா பரிசோதனை செய்ய வேண்டும்? (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

ஐயா, மறுப்பது உங்கள் மகனின் உரிமை. மறுத்ததற்காக யாரும் முகம் சுளித்திருந்தால் அது தவறு. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதிலாக நம் ஊர்களில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

பிறக்கும்போது மூச்சுத் திணறிய சிசுவின் உடலை 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பது ஒரு சிகிச்சை. மேலை நாடுகளில் நடந்த பல ஆய்வுகளில் இது மரணத்தையும் ஊனத்தையும் குறைத்தது; அங்கே வழக்கமான சிகிச்சையாகவும் ஆகிவிட்டது. அந்த முடிவுகளை நம்பி இந்தியாவிலும் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் இதைச் செய்யத் தொடங்கின. அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்றே எல்லோரும் எண்ணினோம்.

இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில், 2015 முதல் 2019 வரை 408 சிசுக்களைச் சேர்த்து 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் உண்டு. குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குக் குளிர்விப்பு, மறுபாதிக்கு வழக்கமான தீவிர சிகிச்சை. முடிவு 2021-இல் வந்தது. மரணம், அல்லது மிதமான முதல் கடுமையான ஊனம் என்ற கூட்டுக் கணக்கில் குளிர்வித்தவர்களிடம் 50 சதவீதம், மற்றவர்களிடம் 47. பயன் இல்லை. மரணத்தை மட்டும் எடுத்தால் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31. தீங்கு இருந்தது.

இந்த ஆய்வு நடக்கும்போதும் முடிந்த பிறகும் சர்ச்சை இருந்தது. நிரூபிக்கப்பட்ட சிகிச்சையைப் பாதிக் குழந்தைகளுக்கு மறுப்பது அறமா என்று கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் போயிருந்தால், பயன் இருக்கிறதா என்று தெரியாமலேயே நாம் சிசுக்களைக் குளிர்வித்துக்கொண்டு இருந்திருப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு சிசு இறந்தால், அது மூச்சுத் திணறலால் இறந்தது என்றே எழுதப்படும்; சிகிச்சையின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு பிரிவு இருந்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். நம் சிசுக்களின் மூளைப் பாதிப்பு பிரசவ வலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறதோ என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அது அடுத்த ஆய்வுக்குரிய விஷயம்.

அடுத்த முறை யாராவது சம்மதம் கேட்டால் உங்கள் மகன் கேட்க வேண்டியவை இவை. இந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், பதிவாகியிருக்கிறதா? எண் என்ன? நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறதா? ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் தருவார்கள்? நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெரியவர்களிடம் காட்டிவிட்டு வர நேரம் கேட்கலாம். சிசுவின் அவசர சிகிச்சையில் அந்த நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அப்போது மருத்துவரை உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லாதவரின் ஆய்வில் சேர வேண்டியதில்லை.

என் மகனுக்கு ஆட்டிசம், வயது நான்கு. முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி மூன்று தவணை போட்டால் பேச்சு வரும் என்று ஒரு தனியார் மையத்தில் சொன்னார்கள். பல லட்சம் கேட்கிறார்கள். "இது ஆய்வுதான், ஆனால் கட்டணம் உண்டு" என்கிறார்கள். முன்னேறிய குழந்தைகளின் வீடியோக்களையும் காட்டினார்கள். (ஒரு தந்தை, சேலம்)

கொடுக்காதீர்கள். நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ இந்த ஊசிக்குப் பணம் கட்டியவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே ஸ்டெம் செல் சிகிச்சையை ஏற்கின்றன. மற்ற எதற்கும் முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது. முறையான ஆய்வு என்றால் உங்களிடம் கட்டணம் வாங்கமாட்டார்கள். "ஆய்வு, ஆனால் கட்டணம்" என்ற அந்த ஒரு வாக்கியமே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வீடியோக்களைப் பற்றி. அவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே முன்னேறியிருக்கலாம். 1998 வாக்கில் அமெரிக்காவில், செக்ரெட்டின் என்ற செரிமான ஹார்மோன் ஊசிக்குப் பிறகு மூன்று ஆட்டிசக் குழந்தைகள் முன்னேறியதாகச் செய்தி பரவியது. பெற்றோர் அந்த ஊசிக்கு அலைமோதினார்கள். மறு ஆண்டே 60 குழந்தைகளைக் கொண்டு ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்குச் செக்ரெட்டின், மறுபாதிக்கு உப்பு நீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பிரிவுமே முன்னேறின! உப்பு நீர் பெற்றவர்களும் அதே அளவுக்கு முன்னேறினார்கள். நான்கு வயதுக் குழந்தை நான்கு வாரத்தில் வளர்கிறது; பயிற்சி நடக்கிறது; நம்பிக்கையோடு பார்க்கும் பெற்றோரின் கண்ணுக்குச் சிறு மாற்றமும் தெரிகிறது. முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் மூன்றில் இரண்டு பங்கினர் செக்ரெட்டின் வேண்டும் என்றே கேட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பெரியது. அதை வைத்துச் சம்பாதிப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

ஸ்டெம் செல்லுக்கும் ஒப்பீட்டு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளுக்கு, ஸ்டெம் செல்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டு செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. முதன்மை அளவுகோலான சமூகத் தொடர்புத் திறனில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த மையத்தில் அடுத்த முறை கேளுங்கள்: "ஊசி போடாத எத்தனை குழந்தைகளோடு ஒப்பிட்டீர்கள்?"

காய்ச்சலில் என் இரண்டு வயது மகனுக்கு வலிப்பு வந்தது. பாராசிட்டமால் நேரத்துக்குக் கொடுத்தால் மறுபடி வராதல்லவா? (ஒரு தாய், நாகர்கோவில்)

காய்ச்சலின் அவதியைக் குறைக்கக் கொடுங்கள். வலிப்பைத் தடுக்கும் என்று நம்பி, தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கொடுக்க வேண்டாம். ஃபின்லாந்தில் 231 குழந்தைகளிடம் பார்த்ததில் அது மறுவலிப்பைத் தடுக்கவில்லை. உங்கள் கவனிப்பில் குறை இல்லை. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பையும் வாயில் கரண்டியையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

எங்கள் மகளுக்கு டிராவெட் என்ற கடுமையான மரபணு வலிப்பு நோய். கஞ்சா எண்ணெய் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா? (கோவை)

டிராவெட் நோய்க்கு நடந்த ஆய்வில் பயன்பட்டது கஞ்சாச் செடியிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த கன்னாபிடியால், அளவு திட்டமிட்டது. 120 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது; போலி மருந்து பெற்றவர்களிடம் 14.9 என்பது 14.1 ஆனது. பயன் உண்மைதான். ஆனால் மற்ற வலிப்பு மருந்துகளில் குளோபசாமோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும், வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறும். ஆன்லைன் புட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் அளந்திருக்கமாட்டார்கள். வாங்க வேண்டாம். மருத்துவர் மூலம் முறையாக வரவழைக்க வழி கேளுங்கள்.

முதல் குழந்தை எஸ்.எம்.ஏ. என்ற பரம்பரைத் தசைநலிவு நோயால் எட்டு மாதத்தில் இறந்துவிட்டது. நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். இப்போது மறுபடி இரண்டு மாதக் கர்ப்பம். (ஒரு தாய், விருதுநகர்)

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், அம்மா. இந்த வாரமே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். முதல் குழந்தையின் மரபணு அறிக்கையையும் கொண்டுபோங்கள். பெற்றோர் இருவரும் அந்தக் குறையைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. பதினொன்றாம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க முடியும். அதன் பிறகு என்ன என்பது உங்கள் இருவரின் முடிவு. உறவினர்களின் முடிவு அல்ல.

குழந்தை பிறக்கட்டும் என்று முடிவெடுத்தாலும் முன்கூட்டித் தெரிவது பெரிய உதவி. எஸ்.எம்.ஏ.வுக்கான நுசினெர்சென் மருந்தின் முதல் பெரிய ஆய்வில், அறிகுறி தோன்றிய பிறகு மருந்து பெற்ற குழந்தைகளில் 51 சதவீதத்தினர் உடல் அசைவில் முன்னேறினார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, எல்லோருக்கும் மருந்து கிடைக்க வழி செய்தார்கள். அறிகுறி வருவதற்கு முன்பே, பிறந்த ஆறு வாரத்துக்குள் மருந்து தொடங்கிய 25 குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், எல்லோரும் தாமாக உட்கார்ந்தார்கள், 22 பேர் துணையின்றி நடந்தார்கள். விலை இன்னும் சாமானியர்களுக்கு எட்டாததுதான். 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின்படி, அதற்கென அறிவிக்கப்பட்ட மையங்கள் வழியே 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. உலகெங்கும் கேட்கப்படும் விலையோடு வைத்துப் பார்த்தால் அது போதாது. அரசு விலைபேசிக் குறைக்க வேண்டும் என்று நான் தொடர்ந்து சொல்வேன்.

பத்து வயது மகள் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். நாங்கள் சம்மதித்தால் போதாதா? (மதுரை)

போதாது. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையின் இசைவும் வேண்டும் என்கின்றன நம் நெறிமுறைகள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

எங்கள் ஊரில் தெரபிஸ்ட் இல்லை. மாவட்டத் தலைநகருக்கு வாரம் இருமுறை பஸ்ஸில் போக முடியவில்லை. ஆட்டிசம் உள்ள மகளுக்கு வீட்டில் நானே ஏதாவது செய்ய முடியுமா? (ஒரு தாய், கள்ளக்குறிச்சி)

முடியும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த 'பாஸ்' ஆய்வு 2016-இல் வெளிவந்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, ஆறு மாதத்தில் பன்னிரண்டு முறை பெற்றோரோடு அமர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, இருவருமாகப் பார்த்துப் பேசினார்கள். பிள்ளையின் கவனம் போகும் இடத்துக்கு ஏற்ப நடந்துகொள்வதில் தாய்மார் தெளிவாக முன்னேறினார்கள். பிள்ளைகள் தாமாகப் பேச்சையும் சைகையையும் தொடங்குவது கூடியது. எல்லா அளவுகோலும் உயரவில்லை. இருவரும் ஒரே பொருளில் கவனம் வைக்கும் நேரம் குறையத்தான் செய்தது. இருந்தாலும் நம்மைப் போன்ற ஊர்களில், நம்மைப் போன்ற பெற்றோரோடு நடந்த ஆய்வு என்பதால் எனக்கு இது முக்கியம்.

தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டி.வி.யை நிறுத்திவிட்டுத் தரையில் அவள் எதிரே உட்காருங்கள். அவள் தட்டைச் சுழற்றினால் "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று கேட்காமல், "தட்டு சுத்துது" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பார்வையோ, சத்தமோ, கை நீட்டலோ, அவளிடமிருந்து எது வந்தாலும் அதற்கு உடனே பதில் கொடுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து, அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு மாதம் ஒருமுறையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். பஸ் செலவு தடையாக இருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துப் பயணச் சலுகை பெற அங்கேயே வழி கேளுங்கள்.