தூக்கினதுக்கு அப்புறமும் 90 நாள் சும்மா இருக்கணுமா?

கேள்வி: டபிள்யூடபிள்யூஈ-ல ஆளை வேலைய விட்டு தூக்கினாலும் 90 நாள் வேற எங்கயும் ரெஸ்லிங் பண்ணக்கூடாதாமே, என்ன சார் நியாயம் இது? நானும் ஒரு ஜிம்ல ட்ரெய்னர், வேலைய விட்டா ஒரு வருஷம் பக்கத்துல எந்த ஜிம்லயும் சேரக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: அந்த 90 நாளுக்கு பொதுவா சம்பளம் வந்துரும், அதனால அதையாவது பொறுத்துக்கலாம் தம்பி. அங்க ரெஸ்லரா இருந்த ப்ராக் லெஸ்னர் கதைதான் கொடுமை, 2004-ல வெளிய வந்தவரை 2010 வரைக்கும் வேற கம்பெனிக்கு ஆடக்கூடாதுன்னு கட்டிப்போட்டாங்க, மனுசன் கோர்ட்டுக்குப் போய் 2006-ல சமரசம் ஆச்சு. இதுல கூத்து என்னன்னா ரெஸ்லர்ங்க பேப்பர்ல எம்ப்ளாயியே கிடையாது, தனி கான்ட்ராக்டராம்! அப்புறம் எதுக்குய்யா இந்தக் கடிவாளம்?

உங்க விஷயம் வேற. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி, வேலைய விட்டதுக்கு அப்புறம் பிழைப்பைத் தடுக்குற ஷரத்து பொதுவா செல்லாது, கிரிக்கெட்டர் ஜாகீர் கான் கேஸ்லயும் 2006-ல சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொல்லுச்சு. ஆனா வேலைல இருக்கும்போதே எதிர் ஜிம்ல பார்ட் டைம் போனீங்கன்னா மாட்டிப்பீங்க, மெம்பர்ஸ் நம்பர் லிஸ்ட்டை போன்ல ஏத்திட்டு போறதும் வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட் எதுவும் அவங்ககிட்ட குடுத்திருந்தா அதை முதல்ல வாங்கிடுங்க.