வீட்டில் போடும் பில்டர் காபி ஓட்டல் காபி மாதிரி கெட்டியாக வருவதில்லையே, மெஷின் வாங்கினால் சரியாகுமா? எந்தத் தூள் நல்லது?

மெஷின் வேண்டாம். காபி சரியில்லை என்று யார் சொன்னாலும் எஸ்பிரெசோ மெஷினைக் கைகாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பால் கலந்து குடிக்கும் காபிக்கு அடியில் கண் போட்ட ஒரு எவர்சில்வர் பில்டர் தாராளமாகப் போதும். அதைக் குறை சொல்லக் கேட்டால் ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் நடப்பது அநேகமாக இதுதான்: ஆறு டம்ளர் பில்டரில் இரண்டு பேருக்கான காபி, மூன்று டீஸ்பூன் தூள், மேல் டப்பா வழிய வெந்நீர். ஐந்து நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிடும். கீழே இருப்பது டிகாஷன் இல்லை, நிறம் ஏறிய தண்ணீர். அதைப் பாலில் எவ்வளவு ஊற்றினாலும் காபி நீர்த்துத்தான் போகும்.

ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள் என்று கணக்கு வையுங்கள். மூன்று டம்ளருக்கு 30 கிராம். குவித்த மேசைக்கரண்டியால் ஏறக்குறைய நான்கு. முடிந்தால் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு. இதற்குத் தண்ணீர் 150 மில்லி மட்டும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஆகவே கீழே இறங்குவது சுமார் 90 மில்லி. டம்ளருக்கு 30 மில்லி டிகாஷன், 100 மில்லி பால். இவ்வளவு தூள் போட்டால் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். இரண்டு டம்ளர் சுமாரான காபிக்குப் பதில் ஒரு டம்ளர் நல்ல காபி குடியுங்கள் என்பதுதான் என் பதில்.

அடுத்தது பில்டரின் அளவு. மேல் டப்பாவில் தூள் ஒன்றரை விரல் கனத்துக்குக் குறையக் கூடாது. பெரிய பில்டரில் கொஞ்சம் தூள் போட்டால் அது மெல்லிய தட்டாகப் பரவும், தண்ணீர் சாரத்தை எடுக்க நேரமில்லாமல் ஓடிவிடும். இருவர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு மூன்று டம்ளர் பில்டர் ஒன்று, விருந்தாளி வந்தால் பெரியது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதே சரி. கடையில் வாங்கும்போது மேல் டப்பாவை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கண்கள் ஊசிமுனை அளவில், ஒரே சீராக, அடிப்பகுதி முழுக்க இருக்க வேண்டும். கண் பெரிதாக இருந்தால் தூள் டிகாஷனில் இறங்கி டம்ளர் அடியில் வண்டல் தங்கும். பித்தளை பில்டர்தான் உசத்தி என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து யாராவது சொல்வார்கள். மறுக்கவில்லை, பித்தளை சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் உள்ளே வெள்ளீயப்பூச்சு போய்விட்ட பித்தளையில் டிகாஷனைத் தேக்கி வைக்காதீர்கள், அதன் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

இறக்கும் விதம் இப்படி. பில்டரை வெந்நீரால் ஒருமுறை அலசி, ஈரம் துடைத்துவிடுங்கள். பச்சைத்தண்ணீர் குளிர்ச்சியில் இருக்கும் எவர்சில்வர் வெந்நீரின் சூட்டை உறிஞ்சிவிடும். தூளைப் போட்டு, டப்பாவை இரண்டு தட்டு தட்டி மட்டப்படுத்துங்கள். உள்ளே வைக்கும் குடையால், அதாவது காம்பு வைத்த கண் தட்டால், லேசாக அழுத்துங்கள், விரல் கனம் தாங்குகிற அழுத்தம் போதும். குடையை எடுக்காமல் அப்படியே விடுங்கள். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் விழும் இடத்தில் குழி விழும், குழி வழியாகவே எல்லாம் ஓடிவிடும், சுற்றியிருக்கும் தூள் பாதி உலர்ந்தே கிடக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். முதலில் குடையின் மேல் வட்டமாகக் கொஞ்சமே ஊற்றுங்கள், தூள் நனையும் அளவுக்கு. புதிதாக வறுத்து அரைத்த தூளானால் உப்பிக் குமிழி விடும், உள்ளிருக்கும் வாயு வெளியேறுகிறது. நாற்பது நொடி கழித்து மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள். 15 முதல் 25 நிமிடத்தில் முழுக்க இறங்க வேண்டும்.

ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரவை கரகரப்பு, அல்லது தூள் குறைவு. முக்கால் மணி நேரமாகியும் தண்ணீர் மேலேயே நின்றால் நான்கு காரணங்கள் உண்டு: அரவை மாவாக இருக்கிறது; குடையை ஓங்கி அழுத்திவிட்டீர்கள்; காபியோடு கலக்கும் சிக்கரிக் கிழங்குத் தூள் அதிகம், அது தண்ணீரில் ஊறிக் கொழகொழத்து வழியை அடைக்கிறது; அல்லது பில்டர் கண் அடைத்திருக்கிறது. ஐந்தாவது ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு டப்பாவும் இறுக்கமாகப் பொருந்தும் பில்டரில் கீழே மாட்டிய காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷன் நின்றுவிடும். மேல் டப்பாவை ஒரு நொடி தூக்கி வையுங்கள், சொட்ட ஆரம்பிக்கும். குடையைப் போட்டு மறுபடி குத்தாதீர்கள், கரண்டிக் காம்பால் கிளறாதீர்கள். இரண்டுமே டிகாஷனைக் கலங்கலாக்கிக் கசப்பேற்றும்.

இரவே தண்ணீர் ஊற்றி வைப்பவர்கள் ஒன்று செய்யலாம். தூளை மட்டும் நிரப்பி மூடி வையுங்கள், காலையில் பால் காய்ச்சும்போது வெந்நீர் ஊற்றுங்கள். இரவெல்லாம் நின்ற டிகாஷனில் கசப்பு மிஞ்சும், மணம் இருக்காது. ஆறிய டிகாஷனை அடுப்பில் நேராக வைத்துச் சுட வைப்பது அதைவிட மோசம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் டிகாஷன் பாத்திரத்தை இறக்கி வையுங்கள்.

தூளுக்கு வருகிறேன். பால் கலந்த காபிக்கு எனக்குப் பிடித்தது பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, அதோடு நூற்றுக்கு 15 அல்லது 20 சிக்கரி. பிளாண்டேஷன் என்பது பழத்தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா வகைக் காபி, ஏ என்பது கொட்டை அளவின் தரம். பீபெரி, பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைவது. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது உருண்டு சீராகச் சிவக்கும். சிக்கரியே பிடிக்காது என்றால் பிளாண்டேஷன் ஏ 70, கழுவிய ரொபஸ்டா 30 என்று கலக்கச் சொல்லுங்கள். ரொபஸ்டா இன்னொரு காபி வகை, அதன் கெட்டித்தன்மை பாலில் அமுங்காது. அதில் காஃபீன் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, தூக்கம் வராதவர்கள் யோசித்துச் சேர்க்கவும். சிக்கரியில் காஃபீன் கிடையாது.

சிக்கரியைக் கலப்படம் என்று திட்டுகிறவர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். அளவாகப் போட்டு, அளவைச் சொல்லி விற்றால் அது கலப்படம் இல்லை. நிறமும் கெட்டியும் மெல்லிய இனிப்பும் தரும் ஒரு கிழங்கு, பாலோடு நன்றாகச் சேரும். என் சண்டை அளவைப் பற்றியது. சட்டப்படி கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, விழுக்காட்டை உறையில் அச்சிட வேண்டும். அதாவது 49 விழுக்காடு சிக்கரி வரை போகலாம். பாக்கெட்டின் முன்பக்கம் காபித் தோட்டத்தின் படம், பின்பக்கம் மூலையில் எறும்பு எழுத்தில் 53:47. வாங்குவதில் பாதி காபியே இல்லை என்பதை வாங்குபவர் கண்ணில் படும் இடத்தில் பெரிதாகப் போட வேண்டாமா? ஓட்டல் ருசி வரவில்லை என்று நீங்கள் தவிப்பதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம், உறையைத் திருப்பிப் பாருங்கள். உறையில்லாமல் வாங்கிய தூளில் சந்தேகம் இருந்தால், கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு உடனே அடிக்குப் போகும்.

வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் 100 அல்லது 200 கிராமாக வாங்குங்கள். அரைத்த தூளின் மணம் பத்து நாளில் பெரும்பாலும் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். தினமும் திறக்கும் டப்பாவை பிரிட்ஜில் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஈரம் பூக்கும், பக்கத்திலிருக்கும் கறிவேப்பிலை வாசனையையும் தூள் இழுத்துக்கொள்ளும்.

பால் 4.5 விழுக்காடு கொழுப்புக்குக் குறையாமல் இருக்கட்டும். 3 விழுக்காட்டு டோன்டு பாலில் எந்த டிகாஷனும் மெலிந்துதான் தெரியும். தண்ணீர் சேர்க்காமல் காய்ச்சி, பொங்கியதும் இறக்கிவிடுங்கள். திரும்பத் திரும்பக் கொதித்த பாலில் ஒரு காய்ந்த வாடை ஏறிக் காபி மணத்தை மூடிவிடும். டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் டிகாஷன், அதன்மேல் கொதிக்கும் பால், பிறகு டபராவுக்கும் டம்ளருக்குமாக மூன்று நான்கு ஆற்று. பாலில் டிகாஷனை ஊற்றிக் கொதிக்க விடவே கூடாது. வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை போடுகிறவர்கள் அடுப்பை அணைத்த பிறகு, கடைசியில் சேருங்கள். இல்லையென்றால் பால் திரியும். முந்தின நாள் பாலோடு முந்தின நாள் டிகாஷன் சேர்ந்தாலும் திரியும், இரண்டிலும் புளிப்பு ஏறியிருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் முதல் டிகாஷன் வீட்டு ஆண்களுக்கும் வந்தவர்களுக்கும் போகிறது. அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷன், காபி போட்டவளுக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும். சிக்கனம் என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். தூளின் நல்ல சாரம் முதல் தண்ணீரிலேயே வந்துவிடுகிறது, இரண்டாவதில் வருவது பெரும்பாலும் கசப்பு. அதிகாலையில் முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பவருக்கு அந்தக் கசப்பைக் கொடுக்காதீர்கள். எத்தனை பேரோ அத்தனை 10 கிராம் போடுங்கள். இரண்டாம் டிகாஷன் இறக்கியே தீருவேன் என்றால், முதலாவதோடு கலந்து எல்லோருக்கும் ஒரே காபியாகக் கொடுங்கள்.

பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு வழி வேறு. ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, சிக்மகளூர், அரக்கு அராபிகாவை நடுத்தர வறுவலில், சிக்கரி இல்லாமல் வாங்கி, ரவை பதத்துக்கு அரைக்கச் சொல்லுங்கள். தூளை ஊறவைத்து வலைத்தட்டால் அழுத்தும் ஜாடியான பிரெஞ்ச் பிரஸில் 15 கிராமுக்கு 250 மில்லி வெந்நீர், நான்கு நிமிடம், அழுத்தி உடனே ஊற்றிவிடுங்கள். பில்டர் அரவைத் தூளை அதில் போட்டால் சேறுதான். அடுப்பில் வைக்கும் மோக்கா பாட் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: சிக்கரி கலந்த தூளை அதில் போடாதீர்கள். ஊறி அடைத்துக்கொண்டால் கீழே அழுத்தம் ஏறும்.

தண்ணீரையும் கவனியுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் காபியின் இயல்பான புளிப்பைக் கொன்று சப்பென்றாக்கும், பில்டர் கண்ணில் வெள்ளைப் படிவும் ஏற்றும். உப்பே இல்லாமல் வடித்த ஆர்ஓ தண்ணீரும் சாரத்தைச் சரியாக எடுக்காது. குடிக்க ருசியாக இருக்கும் தண்ணீரே காபிக்கும் பொருந்தும்.

வெள்ளைப் படிவுக்கு மேல் டப்பாவின் அடி முழுகும்படி வினிகர் கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். தூள் அடைப்புக்கு, காய்ந்த மேல் டப்பாவின் அடியை இடுக்கியால் பிடித்துத் தணலில் சில நொடி காட்டுங்கள், சிக்கிய தூள் கருகி உதிரும். ஆறியதும் தட்டிவிட்டுக் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். எல்லாக் கண்ணும் தெரிந்தால் அடுத்த காபிக்கு பில்டர் தயார். வாசனை சோப்பு மட்டும் வேண்டாம், கண்ணில் தங்கி மறுநாள் டிகாஷனில் வரும்.