பாட்டம் லைன் கேட்டால் லாபத்தைச் சொல்லாதீர்கள்

ஆத்தங்குடியில் தளக்கல் பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “பெங்களூர்க் கட்டிட நிபுணர் ஒருவர் ஆயிரம் சதுர அடிக்கு விலை கேட்டார், அனுப்பினேன். ‘வாட்ஸ் யுவர் பாட்டம் லைன்?’ என்று பதில் வந்திருக்கிறது. பாட்டம் லைன் என்றால் நிகர லாபம் என்கிறார் எங்கள் ஆடிட்டர். என் லாபத்தை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?”

சொல்ல வேண்டாம். ஆடிட்டர் சொன்னதும் சரிதான், ஆனால் பெங்களூர்க்காரர் கேட்பது அது இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் வாங்க வருகிறவர்கள், “கடைசியா என்ன விலைக்குக் கொடுப்பீங்க?” என்பார்களே, அதே கேள்விதான். இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் விலையைக் கேட்கிறார்.

சொல் பிறந்தது கணக்கில். ஆங்கில முறை லாப நட்டக் கணக்கில் விற்பனைத் தொகை மேலே நிற்கும். கூலி, சரக்கு, வட்டி, வரி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே இறங்கினால் அடிவரியில் மிஞ்சுவது நிகர லாபம். விற்பனையை டாப் லைன் என்பதும் இதனால்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அங்கே கடையை நடத்திய மேலாள் எழுதிய கணக்கை ஊரில் இருந்தபடியே பார்த்தார்கள். ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, போட்டபின் மிஞ்சியது என்ன என்பதுதான் முதலாளிக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடைசி எண்ணுக்காகத்தான் மற்ற வரிகள் எல்லாம் என்பதால், அமெரிக்க வணிகப் பேச்சில் பாட்டம் லைன் ‘விஷயத்தின் சாரம்’ என்றும் ஆனது. பேரம் பேசும்போது ‘கடைசி எல்லை’. ஆடிட்டர் சொன்னால் லாபம், கூட்டத்தில் சொன்னால் முடிவான பேச்சு, வாங்குபவர் சொன்னால் விலை. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

சரி, பதில் எப்படி எழுதுவது? இன்னும் கொஞ்சம் இறங்க இடம் வைத்திருந்தால், உங்கள் கடிதத்தில் பாட்டம் லைன் என்ற சொல்லையே போடாதீர்கள். போட்டுவிட்டுப் பிறகு இறங்கினால் அடுத்தமுறை உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. ‘அவர் (our) பெஸ்ட் பிரைஸ் ஃபார் தௌசண்ட் ஸ்கொயர் ஃபீட்’ என்று தொடங்கி விலையை எழுதுங்கள். அப்புறம், அது பட்டறையில் ஏற்றும் விலையா, பெங்களூரில் இறக்கும் விலையா, ஜிஎஸ்டி சேர்த்தா, வழியில் உடையும் கல் யார் கணக்கு, இதையெல்லாம் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். பேரத்தில் நஷ்டம் வருவது பெரும்பாலும் விலையில் இல்லை, இந்தச் சொல்லாத இடங்களில்தான்.

இன்னொன்றும் வரலாம். ‘டிரிபிள் பாட்டம் லைன்’ பற்றிக் கேட்டால் அது விலைப்பேச்சு இல்லை. 1994இல் ஜான் எல்கிங்டன் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய சொற்றொடர் அது. லாபத்தோடு, தொழிலாளர் நிலையையும் சுற்றுச்சூழலையும் கணக்கில் எடுக்கச் சொல்வது. இங்கே தயங்காமல் பேசுங்கள். கண்ணாடியின் மேல் கையால் வண்ணம் ஊற்றி, உள்ளூர் மணலும் சிமெண்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் கல் உங்களுடையது, சூளையில் வேகவைப்பதில்லை. சிமெண்ட் சேர்வதை மறைக்காமல், உங்கள் ஆட்களுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.