கேள்வி – பதில்: பூச்சியமாகிவிடும் காந்தத்தைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: எதிரயக்காந்தத்தில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நின்று மொத்தம் பூச்சியமாகும் என்று படித்தோம். அப்படியானால் உள்ளே இருக்கும் ஒழுங்கை நனோமீற்றர் அளவில் எப்படிப் படமெடுக்கிறார்கள்?
– உயர்தர மாணவி, கொக்குவில்

பதில்: சட்டக் காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூள் தூவியிருப்பீர்கள். அந்தத் தூளைத் திருப்புவது வெளியே கசியும் புலம். எதிரயக்காந்தத்தில் அணுக்களின் புலங்கள் கசியுமுன்னே ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் எல்லா இடத்திலும் கணக்குத் தீர்ந்துபோவதில்லை. குரோமியம் ஒட்சைட்டு என்ற எதிரயக்காந்தப் பளிங்கின் மேற்படையில் உள்ள அணுக்களுக்கு மேலே சோடி கிடையாது. அதனால் எதிரெதிர் ஒழுங்குள்ள இரண்டு பகுதிகள் சந்திக்கும் எல்லைக்கு மேலே கொஞ்சப் புலம் மிஞ்சும். அந்த மிச்சத்தைத்தான் படமெடுக்கிறார்கள்.

அதற்கான கருவி, உள்ளே ஒரு குறை உள்ள வைர முனை; அதை மாதிரியின் மேலே புள்ளி புள்ளியாக நகர்த்தி அளப்பார்கள். வைரத்தில் ஒரு காபனுக்குப் பதிலாக நைதரசனும் அதன் பக்கத்து இடம் வெறுமையாகவும் இருந்தால், பச்சை லேசர் படும்போது அந்தக் குறை சிவப்பாக ஒளிரும். கூடவே 2.87 கிகாஹேட்ஸ் நுண்ணலை கொடுத்தால் ஒளி மங்கும். குறையின் அச்சு வழியே காந்தப்புலம் இருந்தால், மங்கும் அதிர்வெண் 1 மில்லிதெஸ்லாவுக்கு 28 மெகாஹேட்ஸ் நகரும். குரோமியம் ஒட்சைட்டின் எல்லைக்கு 60 நனோமீற்றர் மேலே புலம் 100 மைக்ரோதெஸ்லா அளவில்தான் இருக்கும். பூமியின் புலமே நம்மூரில் 40 மைக்ரோதெஸ்லா! அதிர்வெண் நகர்வது 2.8 மெகாஹேட்ஸ்; அது அளக்கத் தாராளமாகப் போதும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது உயரம். பிஸ்மத் பெரைற்று என்ற இன்னோர் எதிரயக்காந்தத்தில் அணுக்களின் காந்தங்கள் 64 நனோமீற்றருக்கு ஒரு சுற்றாகச் சுழன்று போகும். 2017இல் இந்த முனையால் அதைப் படமெடுத்துக் காட்டினார்கள். அங்கே முனையை 50 நனோமீற்றரிலிருந்து 100க்கு உயர்த்தினால் புலம் ஏறக்குறைய 135 மடங்கு குறைந்துவிடும். முனையில் ஒட்டிய ஒரு தூசு போதும், படம் வெறும் சாம்பல் நிறமாகிவிட.

எக்ஸ்-கதிர் முறைக்குக் கசியும் புலமே தேவையில்லை. நிக்கல் ஒட்சைட்டு என்ற எதிரயக்காந்தத்தில் 870 இலத்திரன்வோல்ற்றுக்கு அண்மையில் கதிர் உறிஞ்சப்படும் அளவு, காந்த அச்சின் சாய்வைப் பொறுத்து மாறும். அச்சு தெரியும், மேலா கீழா என்பது தெரியாது. இந்த முறைக்குச் சிங்குரோத்திரன், அதாவது இலத்திரன்களை வேகமாகச் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் உண்டாக்கும் பெரிய இயந்திரம் வேண்டும்; இலங்கையில் அது இல்லை.

கேள்வி: வைர முனைக் கருவி கிடைத்தால் நம்மூரில் குரோமியம் ஒட்சைட்டைப் பார்க்க முடியுமா? எதைக் கவனிக்கவேண்டும்?
– ஆசிரியர், சுன்னாகம்

பதில்: முடியும். முதல் எதிரி வெயில். குரோமியம் ஒட்சைட்டின் காந்த ஒழுங்கு ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் குலைந்துவிடும். சித்திரை மாத மத்தியானத்தில் நம் வெப்பநிலையும் அங்கேதான் நிற்கும். லேசரும் நுண்ணலைக் கம்பியும் தங்கள் பங்குக்குச் சூடாக்கும். மாதிரியை 25 பாகைக்குக் கீழே, ஆடாமல் அசையாமல் வைத்திருங்கள். புள்ளிக்கு ஒரு செக்கன் என்றாலும் 100க்கு 100 புள்ளிப் படத்துக்கு 2 மணி 47 நிமிடம் செல்லும். அதற்குள் ஏசி விட்டுவிட்டு ஓடினால் முனை நகர்ந்து, நேரான எல்லையும் வளைந்து தெரியும்.

சிறு காந்தம் ஒன்றால் குறையின் அச்சு வழியே சில மில்லிதெஸ்லா கொடுங்கள். இல்லாவிட்டால் புலம் எந்தப் பக்கம் என்று பிரித்தறிய முடியாது. குறுக்கே 10 மில்லிதெஸ்லாவைத் தாண்டினால் ஒளி வேறுபாடே மங்கிவிடும்.

படத்தில் தெரியும் கோடு காந்த எல்லையா வெறும் கீறலா என்ற சந்தேகம் வந்தால், மாதிரியை 40 பாகைக்குச் சூடாக்கி மீண்டும் எடுங்கள். கீறல் நிற்கும், காந்தக் கோடு மறையும். குளிர்ந்தபின் எல்லைகள் பழைய இடத்துக்கே திரும்புமென்று நம்பவேண்டாம். தேவையான படங்களை எல்லாம் எடுத்து முடித்த பிறகே சூடாக்குங்கள்.