வேஷமும் வெளிச்சமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வந்தவாசிப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டுவிழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு அபிமன்யு கதையை அரைமணி நேரக் கூத்தாக நடத்த இருக்கிறோம். ஆடை, அணிகளில்தான் குழப்பம். வாடகைக் கடையில் வெல்வெட் உடையும் பிளாஸ்டிக் கிரீடமும் கிடைக்கின்றன. பெற்றோர் ஒருவர் இணையத்தில் புதிதாகவே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஓவிய ஆசிரியரோ தெர்மாகோலில் கட்டை வேஷச் சாமான்களை (கூத்தில் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணிபவை) செய்து ஜிகினாத் தாள் ஒட்டிவிடலாம் என்கிறார். இவற்றில் எது அசல்போல இருக்கும்? புகைப்படத்தில் எடுப்பாக வர வேண்டும் என்பது எங்கள் தலைமையாசிரியரின் விருப்பம். அபிமன்யுவாக ஒரு மாணவி நடிப்பதில் ஊரில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது. அதைப் பற்றியும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். கர்ணனாக வந்த பிள்ளை நன்றாகப் பாடினான், குரலும் கணீரென்று இருந்தது. ஆனால் மேடையில் நீலமும் ஊதாவுமாக விளக்குகளைப் போட்டிருந்ததால் அவன் அணிந்திருந்த சிவப்பு வெல்வெட் முழுக்கக் கறுத்துப்போய், பின்னால் தொங்கிய கறுப்புத் திரையோடு கலந்துவிட்டது. தலையில் இருந்த கிரீடம் அவன் அளவுக்குப் பெரியது. வில்லை ஒரு கையிலும் கிரீடத்தை மறுகையிலும் பிடித்துக்கொண்டு அவன் போர் செய்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் அந்தப் பிள்ளையின்மீது வந்ததன்று. அவனுக்கு அதைக் கட்டிவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, மேடைக்கு அனுப்பிவைத்த பெரியவர்கள்மீது வந்தது.

முதலில் எளியதை முடித்துவிடுகிறேன். பெண்பிள்ளை அபிமன்யு வேஷம் கட்டலாமா என்பதற்கு என் பதில், தாராளமாகக் கட்டலாம் என்பதுதான். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகள் முறையாகக் கூத்துப் பயின்று மேடையேறியிருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அது தொலைவும் இல்லை. வருத்தப்படுகிறவர்களை முதல் வரிசையில் உட்கார வையுங்கள், பிள்ளை ஆடுவதைப் பார்க்கட்டும். வாடகையா, விலைக்கா என்ற கேள்விக்குள் நான் நுழையப் போவதில்லை. உங்கள் கையிருப்பு உங்களுக்குத்தான் தெரியும்.

நான் சொல்ல விரும்புவது வேறு. உங்கள் கடிதத்தில் வெல்வெட் இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, தெர்மாகோல் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. அந்த மேடையில் என்ன விளக்கு எரியப் போகிறது, பார்ப்பவர்கள் எவ்வளவு தொலைவில் உட்காரப் போகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் ஒரு முழத் துணிகூட வாங்கக் கூடாது அம்மா. வேஷம் என்பது ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில், ஒரு குறிப்பிட்ட தொலைவிலிருந்து பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. உங்கள் ஊரைச் சுற்றி நூற்றாண்டுகளாக ஆடிவரும் கூத்தைப் போல அதை அறிந்த கலை வேறொன்றை நான் பார்த்ததில்லை. அதன் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு, இணையத்தில் எது அசல்போல இருக்கும் என்று தேடுகிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

கட்டைச் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீடம், சிகரேக்கு என்ற பெரிய தலையணி, புஜக்கட்டை என்ற தோளணி, மார்ப்பதக்கம் எல்லாவற்றையும் கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்குவார்கள். விடிய விடிய ஆடுகிற உடம்பு தாங்க வேண்டும், கிறுகிறுவெனச் சுற்றும்போது கழுத்தை இழுக்கக் கூடாது என்பதால் அந்த மரம். அதன்மேல் வண்ணத் தாளும் ஜிகினாவும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டப்பட்டிருக்கும். பகலில் கையில் எடுத்துப் பார்த்தால் விளிம்புகள் கரடுமுரடாக இருக்கும், வண்ணங்கள் ஒன்றோடொன்று மோதும், நுணுக்கம் என்று ஒன்றும் தெரியாது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறவர்கள் அதை நாட்டுப்புறத்து முரட்டு வேலை என்று எழுதிவிடுவதும் இதனால்தான். இரவில், மின்சாரம் வராத நாளில், இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பந்தம் எரிய அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு புரியும். பந்த வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. அந்த ஒளியில் கருநீலம் இருட்டோடு போய்விடும். சிவப்பும் பொன்னும் முன்னால் வந்து நிற்கும். திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் துரியோதனன் முகத்திலும் அணிகளிலும் சிவப்பும் பொன்னுமாக ஏன் இருக்கிறது என்பதற்குக் குணக்குறியீடு என்று மட்டும் பாடம் நடத்துகிறோம். அந்த வெளிச்சத்தில் ஊர் முழுக்கப் பார்க்கக்கூடிய நிறம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் சிறுவயதில் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் கூத்து நடக்கும்போது, வேஷம் கட்டுகிற இடத்துக்குள் போக எனக்கு அனுமதி உண்டு. இடுப்பில் சுற்றுவதற்குப் பழைய புடவைகள் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்; அவற்றைச் சுமந்துகொண்டு போவது என் வேலை. அங்கே ஒருநாள் கூத்து வாத்தியார் ஒரு புஜக்கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். உதிர்ந்துபோன கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து, பசையைத் தடவி, கட்டைவிரலால் ஒரு ஓரத்தை மட்டும் அழுத்தினார். சில்லு சாய்ந்து உட்கார்ந்தது. கோணலாக இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வாத்தியார் கட்டையை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பினார். ஒவ்வொரு சில்லும் வெவ்வேறு கணத்தில் பற்றி அணைந்தது. "நேரா ஒட்டுனா எதிர்ல குந்தினு இருக்கறவனுக்கு மட்டுந்தான் மின்னும். இப்டி சாச்சி ஒட்டுனா நாலு பக்கமும் வெளிச்சம் போவும்" என்றார். பந்தத்தின் சுடர் அசைகிறது, ஆடுகிறவன் சுழல்கிறான், சில்லுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கின்றன. இந்த மூன்றும் சேரும்போதுதான், எதிரே மட்டுமின்றிப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் வேஷக்காரன் ஜொலிக்கிறான்.

பெட்ரோமாக்ஸ் வந்தது, பிறகு குழல்விளக்கு வந்தது. நிலையான, வெள்ளையான, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விழுகிற வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடிகள் பாதி உயிரை இழந்துவிட்டன. கூத்துக்காரர்கள் அதற்குத் தக்கபடி வண்ணங்களை அழுத்தமாக்கினார்கள், சில்லுகளைப் பெரிதாக்கினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பளபளப்பு மிகுந்துபோயிற்று என்று குறைசொல்கிறவர்கள் விளக்கு மாறியதைக் கவனிக்காதவர்கள். கைவினைஞன் விளக்கோடு சேர்ந்து மாறியிருக்கிறான். வாடகைக் கடை மாறவில்லை. எந்த மேடைக்கும் அதே வெல்வெட், அதே தங்கநிற பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக் கிரீடம் வழவழப்பான ஒரே பரப்பு. முன்னாலிருந்து வலுவான விளக்கு அடித்தால் அதில் வெள்ளையாக ஒரு திட்டு மட்டுமே தெரியும். செதுக்கின வேலைப்பாடு என்று அச்சில் வார்த்திருப்பதெல்லாம் அந்தத் திட்டுக்குள் மறைந்துவிடும்.

தொலைவும் இதே அளவுக்கு முக்கியம். நல்ல பார்வையுள்ள ஒருவர் 30 மீட்டர் தொலைவில் இருந்தால், ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகள் அவர் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். அதுவும் நல்ல வெளிச்சத்தில். அப்படியானால் நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மெல்லிய சரிகைப் பூவேலை உங்கள் பள்ளி மைதானத்தின் பின்வரிசைக்கு வெறும் மங்கலான நிறம். கையகலக் கரை தெரியும். மார்பின் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். இதையும் நம் ஊர்க் கைகள் அறிந்தே வைத்திருக்கின்றன. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம் என்பார்கள். அவ்வளவு உயரத்துத் தேரில் தொங்கும் தொம்பைகளில், அதாவது உருளை வடிவத் துணித் தொங்கல்களில், நுண்ணிய தையல் வேலையைத் தேடாதீர்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் வெள்ளையிலும் யாளியையும் பூவையும் பெரிது பெரிதாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்திருப்பார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன்தான் அந்தத் தையற்காரரின் அளவுகோல்.

திரௌபதியம்மன் திருவிழாவில் துரியோதனன் வீழ்வதை நடத்திக்காட்டும் படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்தும் துரியோதனனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவன் கண்ணும் மீசையும் மார்பும் ஏன் அவ்வளவு புடைத்து, மிகையாக இருக்கின்றன என்று எப்போதாவது நின்று யோசித்ததுண்டா? சுற்றிலும் ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள், பகல் வெயில் நேரே மேலிருந்து விழும். அந்த வெயிலில் தட்டையான முகம் தெரியவே தெரியாது. புடைப்பு நிழலை உண்டாக்கினால்தான் முகம் முகமாகும். அதைச் செய்பவர்கள் ஒளியியல் படித்தவர்கள் அல்லர். அதே மண்ணை ஆண்டுதோறும் அதே வெயிலில் குழைத்தவர்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டுப் புகைப்படத்தில் எடுப்பாக வர வேண்டும் என்று கேட்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்கள் தலைமையாசிரியரிடம் இதை அப்படியே படித்துக்காட்டுங்கள். கேமரா பத்தடி தொலைவில், தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவந்து, பிள்ளை அசையாமல் நிற்கும் ஒரு நொடியை எடுக்கிறது. அதற்காகச் செய்த வேஷம் அந்த ஒரு நொடிக்கு மட்டும்தான் உதவும். மீதி அரைமணி நேரமும் அந்தப் பிள்ளை அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும், வியர்க்க வேண்டும், பாடவும் வேண்டும். ஊர்மக்கள் வேலையை முடித்துக்கொண்டு வந்து மைதானத்தில் நிற்பார்கள். அவர்களைப் படத்தின் பின்னணியாக எண்ணுகிற விழாவில் பிள்ளைகளுக்கு எந்தக் கலையைக் கற்றுக்கொடுக்கிறீர்கள்?

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1935ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறில் ருக்மிணி தேவி பரதநாட்டியம் ஆட மேடையேறியபோது, இத்தாலியத் தையற்கலைஞர் ஒருவரின் துணையோடு ஆடையைப் புதிதாக வடிவமைத்துக்கொண்டார் என்பது பலருக்கும் தெரியும். இன்று பரதநாட்டிய மாணவிகள் அணியும் தைத்த உடையில் முன்னால் ஒரு விசிறி மடிப்பு இருக்கிறதல்லவா, அது நின்றால் மூடியிருக்கும், அரைமண்டியில் அமர்ந்தால் விரியும். ஆட்டத்தின் அடிப்படை நிலை எதுவோ அதற்கென்றே வெட்டிய துணி அது. கூத்தில் இடுப்பைச் சுற்றிப் புடவைகளை அடுக்கிக் கட்டுவதும் அப்படித்தான். கிறுக்கி அடிக்கும்போது, அதாவது வேகமாகச் சுழன்றாடும்போது, பாவாடை விரிந்து, ஆள் இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வான். வெல்வெட் கால்சட்டை போட்ட அபிமன்யு எவ்வளவு சுழன்றாலும் ஒல்லிப் பையனாகத்தான் தெரிவான்.

ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். விழாவன்று போடப்போகும் அதே விளக்குகளை ஒரு மாலை முன்கூட்டியே போடச் சொல்லுங்கள். மேடையில் ஒரு கயிறு கட்டி, வீடுகளிலிருந்து கிடைக்கும் பழைய பருத்திப் புடவைகளை அதில் தொங்கவிடுங்கள். பிறகு மைதானத்தின் கடைசிக்குப் போய் நின்று பாருங்கள். எந்த நிறம் முன்னால் வருகிறது, எது பின்திரையோடு கலக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். நீல விளக்கை அணைக்கச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரலாம். அணிகளைத் தெர்மாகோலில் செய்ய வேண்டாம். எளிதில் உடையும், சில பசைகளும் ஸ்பிரே வண்ணங்களும் பட்டால் கரைந்தே போகும். அட்டையின்மேல் காகிதக்கூழைப் பூசிக் காயவைத்தால் கனமில்லாமலும் உறுதியாகவும் இருக்கும். நவராத்திரிக் கொலுவில் வைக்கும் காகிதக்கூழ்ப் பொம்மைகளைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சில்லுகளைப் பிள்ளைகள் கையாலேயே சாய்த்து ஒட்டட்டும், ஓரம் கையைக் கிழிக்காத அளவுக்குத் தேய்த்துவிட்டு. கிரீடத்தின் உள்ளே துணி சுற்றி, தாடைக்குக் கீழே நாடா வைத்துக் கட்டுங்கள். பந்தமோ விளக்கோ ஏந்துகிற பிள்ளைக்குப் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேஷத்தோடு குறைந்தது ஒரு முழு ஒத்திகையாவது நடக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பகுதியில் இருக்கும் கூத்துக் கலைஞர் ஒருவரை வேஷம் கட்டிவிட அழையுங்கள். சும்மா வந்து உதவும்படி கேட்காதீர்கள். அவருக்குரிய கூலியை முன்னதாகவே பேசிக் கொடுத்துவிடுங்கள். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர்களின் பெயர்களுக்குக் கொடுக்கும் அதே எழுத்தளவில் அவர் பெயரையும் போடுங்கள். பணத்துக்கு வழி இல்லை என்று எனக்கு எழுத வேண்டாம். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கியிருப்பீர்கள் அல்லவா, அதிலிருந்து எடுங்கள்.

அன்புடன்.