தம்பி லோக்காப்பில் இருக்கிறான்: லாயரை எங்கே தேடுவது, ஜாமீன் எப்போது கிடைக்கும்?

கேள்வி: நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். என் தம்பிக்கு 23 வயது. அவன் வேலை செய்யும் கடையில் சரக்கு காணாமல் போனதாக முதலாளி போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். இன்று மதியம் அவனைப் பிடித்துப் போய்விட்டார்கள். நாளை காலை ரிமாண்டுக்குக் கொண்டுபோவார்களாம். தெரிந்தவர் ஒருவர், 3,000 வெள்ளி கொடுத்தால் இன்றிரவே ஜாமீனில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? லாயரை எங்கே தேடுவது? ஜாமீன் பணம் திரும்பி வருமா? முதலாளியை நேரில் பார்த்துக் கெஞ்சினால் கேஸை மீட்டுக்கொள்வாரா?

பதில்: அந்த 3,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். இன்றிரவு நீதிமன்ற ஜாமீன் என்று ஒன்று கிடையாது. தம்பி மீது இன்னும் குற்றமே சாட்டப்படவில்லை, அதனால் யாரும் தொகை நிர்ணயிக்கவும் இல்லை. போலீஸ் தானாகவே அவனை விட நினைத்தாலும் அது போலீஸ் ஜாமீனாக இருக்கும்: ஃபாரத்தில் கையெழுத்து, திரும்பி வர வேண்டிய தேதி, அவ்வளவுதான். வெளியே நிற்கும் ஒருவர் கையில் ரொக்கம் கொடுக்கும் வேலை எதிலும் இல்லை. அந்தப் பணம் அதிகாரிக்குப் போகிறது என்று அவர் சொன்னால் இன்னும் ஆபத்து. லஞ்சம் கொடுப்பதும் குற்றம், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

பிடித்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 5ஆவது விதியிலேயே இருக்கிறது. பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே போலீஸ் கேட்பது ரிமாண்ட், அதாவது விசாரிக்கக் கூடுதல் நாள். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் தடவை 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7, பிறகு இன்னொரு 7. சாதாரணத் திருட்டுக்கு, அதாவது தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவுக்கு, அதிகபட்சம் 7 ஆண்டு. ஆகவே தம்பியை அந்தப் பிரிவில் பிடித்திருந்தால் 4, பிறகு 3 என்ற கணக்குதான். வேறு பிரிவென்றால் கணக்கு மாறலாம்.

லாயர் மிகவும் தேவைப்படும் இடம் இந்த ரிமாண்ட். பல குடும்பங்கள் 'கோர்ட்டில் கேஸ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இந்தக் கட்டத்தைக் கோட்டைவிடுகின்றன. 4 நாள் கேட்கும் இடத்தில், 'பையன் ஒத்துழைக்கிறான், வீடு இங்கேதான், ஒன்றிரண்டு நாள் போதும்' என்று லாயர் எழுந்து பேசினால் மாஜிஸ்திரேட் அதைக் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ரிமாண்ட் முடிந்ததும் வேறொரு ரிப்போர்ட்டைக் காட்டி மறுபடி பிடிக்கும் வழக்கமும் இங்கே உண்டு. அதையும் கவனித்து எதிர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும்.

சரி, இந்த நேரத்தில் லாயருக்கு எங்கே போவது? தேசிய சட்ட உதவி அறக்கட்டளையை மறக்காதீர்கள். அதன் மலாய்ப் பெயர்ச் சுருக்கமான வை.பி.ஜி.கே. என்று சொன்னால் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் தெரியும். மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் அதன் லாயர்கள் கட்டணமில்லாமல் வருகிறார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். பினாங்கு வழக்கறிஞர் குழுவுக்கும் சட்ட உதவி மையம் இருக்கிறது.

காசு கொடுத்து வைப்பதென்றால், மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். தொழில் செய்ய ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும், பட்டியலில் இல்லாதவரிடம் போக வேண்டாம். வீடு வாங்கியபோது பத்திரம் போட்ட லாயர் நல்லவராகவே இருப்பார், ஆனால் கிரிமினல் கேஸ் எடுப்பாரா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் எடுப்பவரை அவரே காட்டுவார். ரிமாண்டுக்கு எவ்வளவு, ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணை நடந்தால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். 'கண்டிப்பாக வெளியே கொண்டுவருகிறேன்' என்று சத்தியம் செய்பவரை நான் நம்பமாட்டேன். அது லாயர் கையில் இல்லை.

இன்றே நீங்கள் செய்யக்கூடியது: தம்பியை எங்கே வைத்திருக்கிறார்கள், ஜாலான் பட்டாணி போலீஸ் தலைமையகத்திலா வேறு பாலாயிலா (போலீஸ் நிலையத்திலா) என்று கேளுங்கள். விசாரணை அதிகாரியின் பெயர், ரிப்போர்ட் எண், எந்தப் பிரிவு என்பதைக் குறித்து லாயரிடம் கொடுங்கள். விசாரிப்பதற்கு முன் உறவினரோடும் லாயரோடும் பேச தம்பிக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி உரிமை உண்டு. உடந்தையாளர் தப்பிவிடுவார் என்பது போன்ற காரணம் சொல்லி மறுக்கலாம். ஆனால் அதற்கு டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும்.

ரிமாண்ட் முடிந்ததும் மூன்றில் ஒன்று நடக்கும். சும்மா விட்டுவிடுவார்கள், போலீஸ் ஜாமீனில் விட்டு மறுபடி வரச் சொல்வார்கள், அல்லது லெபோ லைட் கோர்ட்டில் குற்றம் சாட்டுவார்கள். நீங்கள் கேட்கும் ஜாமீன் பணம் இந்த மூன்றாவதில்தான் வருகிறது.

திருட்டு 'ஜாமீன் இல்லாத குற்றம்' என்று யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் யோசித்துத் தரும் என்பதுதான் அதன் அர்த்தம். இப்படிப்பட்ட கேஸ்களில் கேட்டால் தருவதே வழக்கம். போதைப்பொருள், பாதுகாப்புச் சட்டம் போன்றவற்றின் கதை வேறு.

தொகையை 'இத்தனை ஆயிரம், ஒரு ஜாமீன்தாரர்' என்று சொல்வார்கள். அது தண்டனை அல்ல, தம்பி தவறாமல் கோர்ட்டுக்கு வருவான் என்பதற்கான ஈடு. சட்டமே தொகை மிதமிஞ்சிப் போகக்கூடாது என்கிறது. தாங்க முடியாவிட்டால் குறைக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இங்கே ஒரு விஷயத்தில் குடும்பங்கள் திரும்பத் திரும்பத் தடுமாறுகின்றன. பணம் இருக்கும், ஜாமீன் நிற்க ஆள் இருக்காது. அல்லது ஆள் வந்திருப்பார், ஐசியை (அடையாள அட்டையை) வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். கவுண்டர் மூடுவதற்குள் கட்டவில்லையென்றால் பையன் அன்றிரவு சிறைக்குப் போவான். வெள்ளிக்கிழமை மாலையென்றால் திங்கட்கிழமை வரை உள்ளேயே இருக்க நேரலாம். அதனால் இப்போதே மலேசியக் குடிமகனான, நிலையான வேலையில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஒருவரைத் தயார் செய்யுங்கள். ஐசி, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். பணத்தை வங்கியில் கட்டுவதா, இணையம் வழியாகவா என்று கோர்ட் கவுண்டரில் சொல்வார்கள்.

பணம் ஜாமீன்தாரருடையது. தம்பி ஒவ்வொரு தேதிக்கும் வந்திருந்தால், வழக்கு எப்படி முடிந்தாலும் அவருக்கே திரும்பக் கிடைக்கும். ஒரு தேதிக்கு வராமல் தம்பி ஓடினால் பிடிவாரண்ட், பணமும் பறிபோகலாம். அதனால் ஜாமீன் நிற்கும் மாமாவிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரசீதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. குற்றச்சாட்டை வாசிக்கும்போது, 'ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம்' என்று யாரோ காதில் ஓதுவார்கள். தண்டனைப் பதிவு 23 வயதுப் பையனின் பின்னாலேயே வரும், வேலை கேட்கும் இடமெல்லாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, புரிந்துகொண்டு, லாயரோடு பேசிய பிறகே வாய் திறக்கச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் நீங்கள் நேரில் போக வேண்டாம். அவர் இந்தக் கேஸில் சாட்சி. கண்ணீரோடு போனாலும் சாட்சியை மிரட்டியதாகத் திருப்பிவிட முடியும், ஜாமீன் கேட்கும்போது அதுவே தம்பிக்கு எதிராக நிற்கும். அதோடு, ரிப்போர்ட் கொடுத்தவர் மனம் மாறினால் மட்டும் கேஸ் நிற்காது, வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பது அரசுத் தரப்பு வழக்கறிஞரின் முடிவு. இழப்பீடு பேசும் எண்ணம் இருந்தால் லாயரிடம் சொல்லுங்கள். அவர் கடிதம் மூலம் பேசட்டும்.