டெக்சாஸ் முறை விஸ்கான்சின் வயலுக்கு ஒத்து வருமா?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்பகுதியில் சோயாவும் மக்காச்சோளமும் போடுகிறோம். வருடா வருடம் கொம்புள்ள மான்களைச் சுட்டும் பயிர்ச்சேதம் குறையவில்லை. டெக்சாஸில் நிலம் வைத்திருக்கும் என் மைத்துனர் தீவனம் கொட்டி மான்களை வரவழைத்துச் சுடுகிறார். நாங்களும் செய்யலாமா?

பதில்: தீவனம் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் கொம்பு விஷயம்.

ஒரு ஆண் மான் ஒரே பருவத்தில் பல பெண் மான்களோடு சேரும். அதனால் பத்து ஆண் மான்களைக் குறைத்தாலும் அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகள் பெரிதாகக் குறையாது. உங்களைப் போல் தீனி மிகுந்த பயிர் நிலத்தில் வளர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அந்த ஆண்டு பிறந்த பெண் குட்டிகளிலேயே சில, ஆறேழு மாதத்தில் சினை பிடித்துவிடும். ஆகவே உங்கள் துப்பாக்கி பெண் மான் பக்கம் திரும்பாத வரை கூட்டம் குறையாது. இதை மனதில் வைத்துத்தான் விஸ்கான்சினில் ஒரு காலத்தில், முதலில் கொம்பில்லாத மான் ஒன்றை, அதாவது பெண் மானையோ குட்டியையோ, சுட்டால்தான் ஆண் மானுக்கு அனுமதி என்று விதித்தார்கள். வேட்டைக்காரர்கள் அதை விரும்பவில்லை, 2011-இல் எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நல்ல விதிதான்.

ஆனால் இதையே உங்கள் மாநிலத்தின் வடக்கில் இருப்பவருக்குச் சொல்ல மாட்டேன். அங்கே காடு அதிகம், ஓநாய் உண்டு, கடும் பனிக்காலத்தில் மான்கள் பட்டினியால் சாகும். பெண் மானை அதிகம் சுட்டால் கூட்டம் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் கொம்பில்லாத மானுக்கான பெர்மிட்டை அங்கே அளந்து தருகிறார்கள், உங்கள் பக்கம் தாராளமாகத் தருகிறார்கள். ஒரே மாநிலத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம்.

இனி டெக்சாஸ். அங்கே நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. பெரிய கொம்பு இருந்தால் வேட்டை உரிமையை நல்ல விலைக்குக் குத்தகை விடலாம். மைத்துனருக்கு மான் வருமானம், உங்களுக்கு நஷ்டம். அவர் கணக்கே வேறு.

தீவனத்துக்கு வருவோம். மான்களை மெலியவைத்துக் கொல்லும் சிடபிள்யூடி நோய் உங்கள் மாநிலத்தில் முதலில் தெரியவந்தது 2002-இல், தெற்குப் பகுதியில்தான். அது எச்சில் வழியாகவும் பரவும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோய் கண்ட கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) அவற்றை ஒட்டிய பல கவுண்டிகளிலும் தீவனம் வைப்பதற்குத் தடையும் உண்டு.

சரி, இப்போதே என்ன செய்யலாம்? சோயா முளைத்ததும் வயலில் இரண்டு மூன்று இடங்களில் கம்பி வலைக் கூண்டு வையுங்கள். கூண்டுக்கு உள்ளே வளர்ந்த செடியையும் வெளியே வளர்ந்ததையும் ஒப்பிட்டால் மான் எவ்வளவு தின்கிறது என்று கண்ணால் தெரியும். முளைப்பருவத்தில் நுனி போவதுதான் பெரிய அடி. சேதத்தைக் கண்டவுடன், அறுவடைக்கு முன்பே, கவுண்டி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; ஆனால் அதில் சேர்ந்தால் பொதுவாக உங்கள் நிலத்தில் வெளி வேட்டைக்காரர்களை அனுமதிக்க வேண்டியிருக்கும். தயங்காதீர்கள். வருகிறவர்களிடம் பெண் மானைச் சுடச் சொல்லுங்கள்.

அப்புறம், சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்தபின் இறைச்சியைச் சமையுங்கள். நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம். விஸ்கான்சினில் சோதனைக்குக் கட்டணம் இல்லை.